கேட்டுக்கொண்டிருங்கள் என்கிறார்கள்

திருப்பாலைவனம் எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால், பழவேற்காட்டுக்கு முன்னால் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொன்னேரியிலிருந்து ஏரிக்குப் போகும் பஸ் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் கேமராப் பைகளோடு ஆட்கள் ஏறுவார்கள். பூநாரை, டச்சுக் கல்லறை, நண்டு வறுவல், சாயங்காலம் திரும்ப பஸ். மறுநாள் இணையத்தில் படமும் நாலு வரிக் கவிதையும் வந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அப்படிப் படம் போட்டவன்தான்.

போன மாசியில் ஒரு ஞாயிறு நான் அதே பஸ்ஸில் வேறு சாமான்களோடு வந்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு கென்வுட் டிஎம்-வி71 ரேடியோ, இரண்டு பேண்டுக்கும் சேர்த்த ஒரு ஆன்டெனா, இருபது மீட்டர் கேபிள். பேட்டரி உள்ளூர் லாரி ஒன்றிலிருந்து கடன். உறவினர் வீட்டு மொட்டை மாடியில் குழாய் ஒன்றைக் கட்டி, தரையிலிருந்து பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் ஆன்டெனாவை நிறுத்தினோம். கீழே தெருவில் நின்ற பெரியம்மா, "டிஷ்ஷாடா?" என்று கேட்டார். இல்லை பெரியம்மா, ரிப்பீட்டர். "அது எத்தனை சேனல்?"

ஒரே ஒரு சேனல். அதுதான் விஷயமே.

ஹாம் ரேடியோ தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கையில் பிடிக்கிற வாக்கிடாக்கி ஐந்து வாட் சக்தியில் பேசும். இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை, பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் வளையாது. படகில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கை நீர்மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீட்டர் இருக்கும். அங்கிருந்து ரேடியோவின் தொடுவானம் ஐந்து கிலோமீட்டர். அதே மாதிரி இன்னொரு படகு என்றால் கணக்குப்படி பத்து, நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் எதிர்முனை பன்னிரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அதே கை பத்தொன்பது கிலோமீட்டர் வரை எட்டும். உயரத்தில் ஒரு ரேடியோ கேட்டு, கேட்டதை அந்தக் கணமே திருப்பிச் சொன்னால் ஏரி முழுக்க ஒரே கூடமாகிவிடும். அப்படித் திருப்பிச் சொல்வதுதான் ரிப்பீட்டர்.

வழக்கமான ரிப்பீட்டரில் சிக்கல் உண்டு. ஒரே பேண்டில் ஒரு பக்கம் கேட்டு மறுபக்கம் கத்தினால் தன் சத்தத்தில் தன் காதே அடைத்துப்போகும். அதைப் பிரிக்க ஆளுயர வடிகட்டிகள் வேண்டும், அவற்றுக்குப் பணம் வேண்டும், டியூன் செய்யத் தெரிந்தவர் வேண்டும். கிராஸ்பேண்ட் ரிப்பீட்டர் என்பது ஏழை வீட்டு உபாயம். யூஎச்எஃப்பில் கேட்கும், விஎச்எஃப்பில் சொல்லும். அங்கிருந்து வருவதை இங்கே சொல்லும். இரண்டும் இவ்வளவு தூரம் விலகி இருப்பதால் பெரிய வடிகட்டி வேண்டாம். காருக்குள் பொருத்துகிற அளவுள்ள ஒரே பெட்டி போதும். படகிலிருந்து 434 மெகாஹெர்ட்ஸில் ஒருவர் மெல்லப் பேசினால், மாடியில் இருக்கும் பெட்டி அதை 144இல் பொன்னேரிக்குக் கொண்டுபோகும். பேச்சு குறைவாக இருந்தால் ஒரு லாரி பேட்டரியில் இரண்டு நாள் ஓட்டலாம்.

முதல் நாள் நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் சுலபம் என்று எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. 145, 435 என்று இரண்டு எண்களும் ஞாபகம் வைக்க வசதியாக இருக்கிறதே என்று அப்படியே வைத்துவிட்டேன். 145ஐ மூன்றால் பெருக்கிப் பாருங்கள். எந்த டிரான்ஸ்மிட்டரும் தன் அலைவரிசையின் மூன்று மடங்கிலும் கொஞ்சம் கசியும். பெட்டி 145இல் பேசியது, அதன் கசிவு 435இல் அதன் காதிலேயே விழுந்தது, யாரோ பேசுகிறார்கள் என்று நினைத்து மறுபடி 145இல் பேசியது. பத்து நிமிடம் தன் குரலைத் தானே கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொண்டிருந்தது. நம்முடைய சில இலக்கியக் கூட்டங்கள் மாதிரி. தொட்டுப் பார்த்தால் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. இந்தியாவில் நமக்குக் கொடுத்திருப்பது 144 முதல் 146 வரையும், 434 முதல் 438 வரையும். மூன்றால் பெருக்கினால் முதலாவதின் பெரும்பகுதி இரண்டாவதின் தலையில் போய் உட்காரும். தப்பிக்க வழி 144.5 மாதிரி கீழே இறங்குவது. அதன் மூன்று மடங்கு 433.5, நம் பேண்டுக்கு வெளியே போய்விடும். 435க்கு மேலே செயற்கைக்கோள்களுக்கானது, அங்கே போகக் கூடாது. கூடவே காதுக்குத் தெரியாத ஒரு தாழ்ந்த டோனைச் சாவியாகப் போட்டால், அந்த டோன் இல்லாத இரைச்சலுக்குப் பெட்டி வாய் திறக்காது. சக்தியையும் குறைத்து வைத்தேன். நாள் முழுக்கக் கேட்டதையெல்லாம் திருப்பிச் சொல்கிற பெட்டிக்கு ஐந்து வாட்டே அதிகம்.

மத்தியானத்துக்கு மேல் வேலை செய்தது. லைட்ஹவுஸ் குப்பத்து அண்ணன் ஒருவருடைய படகில் என் நண்பன், அவனும் லைசென்ஸ் உள்ளவன், ஏரிக்குள் போனான். ஆழம் ஒரு ஆள் இடுப்பளவுதான், கோல் ஊன்றித்தான் போக வேண்டும். பொன்னேரியில் இன்னொரு நண்பர். மூன்று பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசினோம். படகு அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாராம். கரைக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்.

"இதுல நாங்க பேசலாமா தம்பி?"

"இல்லண்ணே. பரீட்சை எழுதணும், லைசென்ஸ் வாங்கணும். அப்பவும் மீன் வெல, ஏலம், யாவாரம் எதுவும் இதுல பேசக் கூடாது."

"அப்ப நாங்க இன்னா பண்றது?"

"கேக்கலாம்ணே."

"கேக்கத்தான் ஏற்கெனவே கோயில் மைக்கு கீதே" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இந்த ஏரியைச் சுற்றி ஒரு முறை யோசித்துப் பாருங்கள். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. தெற்கே காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள். கடலோரக் காவல்படை, போலீஸ். எல்லோரும் ரேடியோவில் பேசுகிறார்கள். ராக்கெட் பேசுகிறது, கப்பல் பேசுகிறது, ஜீப் பேசுகிறது. நடுவில் இருக்கிற குப்பங்களுக்கு மட்டும் ஒலிபெருக்கி. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று சொல்லும். புயல் வருகிறது, போகாதே என்று சொல்லும். சொல்வது நல்லதுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் இவர்கள் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல அதில் வழி கிடையாது.

இதில் இன்னொரு விசித்திரம் இருக்கிறது. 2005 மே 5ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 கிளம்பியது. புதிதாகக் கட்டிய இரண்டாவது ஏவுதளத்தின் முதல் ராக்கெட். கார்ட்டோசாட்-1 என்ற பெரிய செயற்கைக்கோளோடு 42.5 கிலோ எடையுள்ள ஒரு சின்னப் பெட்டியும் போனது. அதன் பெயர் ஹாம்சாட். ஹாம்கள் விஓ-52 என்பார்கள். 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டு 145இல் திருப்பிச் சொல்வதுதான் அதன் வேலை. என் மாடிப் பெட்டியைவிட நுட்பமான வகை, ஒரே நேரத்தில் பலர் பேசலாம். ஆனால் அடிப்படை அதேதான்: ஒரு பேண்டில் காது, மறு பேண்டில் வாய். அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்தியாவில் செய்தது, இன்னொன்றை வில்லியம் லெய்ஜெனார் என்ற நெதர்லாந்து மாணவர் செய்து கொடுத்தார். 1613இல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் பீரங்கியோடு வந்தார்கள். நானூறு வருடம் கழித்து வந்த டச்சுக்காரர் ரிப்பீட்டரோடு வந்தார். முன்னேற்றம்தான். ஹாம்சாட் 2014 வரை, ஒன்பது வருடம், சுமார் 600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றி உலகத்து ஹாம்களுக்கெல்லாம் குரல் கொடுத்தது.

ஆக, இந்த ஏரிக்கரையிலிருந்து ஆகாயத்துக்கு ஒரு கிராஸ்பேண்ட் ரிப்பீட்டர் போயாகிவிட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்திலும் 2020 செப்டம்பரிலிருந்து ஒன்று ஓடுகிறது. 600 கிலோமீட்டர் மேலே வைக்கத் தெரிந்த நாட்டுக்குப் பன்னிரண்டு மீட்டர் மேலே வைக்க வரவில்லை. தெரியாமல் இல்லை. கீழே இருப்பவர்கள் பேச வேண்டியவர்கள் என்று தோன்றவே இல்லை.

மிகையாகச் சொல்கிறேனா? ஒக்கி புயலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் கடைசியில் குமரிக் கடலில் போனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அரசு என்ன செய்தது? 2019 அக்டோபரில் ஜெமினி என்ற கருவியை அறிமுகப்படுத்தியது. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலுக்குப் புயல் எச்சரிக்கை போகும், மீன் எங்கே இருக்கும் என்ற தகவலும் போகும். நல்ல கருவி. ஆனால் ஒருவழி. படகு கேட்கும், பேசாது. இவ்வளவு சாவுக்குப் பிறகு நமக்கு முதலில் தோன்றியது இன்னும் நீளமான ஒரு ஒலிபெருக்கி.

2024இல் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் திட்டம் வந்தது, அதில் குறுஞ்செய்தி இரு பக்கமும் போகும். வரவேற்கிறேன், மனசார. அதற்கு முன்பே மானியத்தில் விஎச்எஃப் கருவிகளும் கொடுத்திருக்கிறார்கள், அவை கடலில் உயிர் காக்கின்றன. ஆனால் எல்லாமே கடலுக்குப் போகிற படகை மனதில் வைத்தவை. ஏரிக்குள் கோல் ஊன்றிப் போகிறவருக்கும், இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் அங்கே கணக்கு கிடையாது. டிரான்ஸ்பாண்டரிலும் படகு பேசுவது கட்டுப்பாட்டு மையத்தோடு. பக்கத்துக் குப்பம் பக்கத்துக் குப்பத்தோடு பேசுவது யாருடைய திட்டத்திலும் இல்லை.

எல்லாவற்றுக்கும் ரேடியோ மருந்து என்று நான் சொல்லவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்தப் படகை எந்த ரிப்பீட்டரும் நிமிர்த்தியிருக்காது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவதை நிறுத்த வேறு ஏற்பாடு வேண்டும்.

இந்த இடத்தில், கையில்தான் எல்லோரிடமும் மொபைல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, காற்று இல்லாத நாளில். 2016 டிசம்பர் 12, வர்தா. சென்னையிலேயே செல்போன் செத்துக் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் அதே கதை. கரண்ட் போனால் டவர், டவர் போனால் போன். சென்னைக்கே அந்தக் கதி என்றால் மணல்திட்டின் மேல் இருக்கிற குப்பத்துக்கு என்ன? இன்னொன்று, போன் ஒருவருக்கு ஒருவர். ரேடியோவில் ஒருவர் சொன்னால் இருக்கிற எல்லோருக்கும் கேட்கும். முகத்துவாரத்தில் அலை ஏறிவிட்டது என்ற சேதியை நாற்பது பேருக்குத் தனித்தனியாக டயல் செய்து சொல்ல முடியுமா?

அடுத்து, பாதுகாப்பு. ராக்கெட் தளத்துக்குப் பக்கத்தில், எல்லைக் கடலுக்குப் பக்கத்தில், மீனவர் கையில் வயர்லெஸ்ஸா? இதைச் சொல்லும்போது எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஹாம் பேண்டில் ரகசியக் குறியீடு தடை. பேசுகிறவர் கால்சைன் சொல்ல வேண்டும். வெறும் குரல், யார் வேண்டுமானாலும் கேட்கலாம், போலீஸும் கேட்கலாம். சதி செய்கிறவன் மறைகுறியாக்கம் உள்ள செயலி போனிலேயே இருக்கும்போது ஊரே கேட்கிற மைக்கில் வந்து ஏன் பேசுகிறான்? சந்தேகம் கருவி மேல் இல்லை, கருவியைப் பிடிக்கிற கை மேல்.

சட்டம் என்ன சொல்கிறது? நமக்கு இருப்பது 1978இன் அமெச்சூர் சேவை விதிகள். பன்னிரண்டு வயது ஆன யாரும் தேர்வு எழுதலாம். கீழ்நிலை லைசென்ஸுக்கு மோர்ஸ் கூட வேண்டாம். வணிகப் பேச்சு கூடாது என்ற விதி நியாயமானதுதான், உலகம் முழுக்க உள்ளது; அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. தளர்த்தினால் நாளைக்கே டாக்சிக் கம்பெனிகள் உள்ளே வந்துவிடும். பேரிடர் நேரத்தில் மூன்றாமவருக்காகச் செய்தி அனுப்பலாம் என்று சர்வதேச வானொலி விதிகளே சொல்கின்றன. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொல்லியாயிற்று. அப்படியிருக்கக் குப்பத்தில் ஏன் ஒரு கால்சைன் இல்லை? நான் படித்த பாடப்புத்தகம் ஆங்கிலம். கூட எழுதியவர்கள் என்ஜினியர்கள். தேர்வைப் பற்றி எனக்குச் சொன்னவர் இன்னொரு என்ஜினியர். குளத்தில் குளிப்பதற்குத் தடை இல்லை, படித்துறைதான் ஒரே ஒரு தெருவில் கட்டியிருக்கிறார்கள்.

இங்கேதான் என் சொந்தக் கூட்டத்தோடு எனக்குச் சண்டை. ஹாம்களாகிய நாங்கள் பேரிடரை வைத்துத்தான் எங்களை நியாயப்படுத்திக்கொள்கிறோம். பாரதி பிரசாத்தின் கதையைச் சொல்லாத ஹாம் கூட்டமே இல்லை. 2004 டிசம்பரில் அவர் குழுவோடு அந்தமான் போயிருந்தார், உலகத்து ஹாம்களோடு பேசுவதற்கு. 26ஆம் தேதி சுனாமி வந்தது. போர்ட் பிளேரிலிருந்து வெளியே சேதி கொண்டுவந்தது அவர்களுடைய ரேடியோ. உண்மையான பெருமை. ஆனால் அதை வேறு மாதிரியும் படிக்கலாம்: அன்றைக்கு அங்கே ஒரு ஹாம் இருந்தது தற்செயல். தற்செயலை வைத்து இருபது வருடமாக மாலை போட்டுக்கொள்கிறோம். அந்தத் தற்செயலை ஏற்பாடாக மாற்ற என்ன செய்தோம்? வெள்ளம் வந்தால் ஆரஞ்சு ஜாக்கெட் போட்டு நகரத்திலிருந்து கிளம்புகிறோம், படம் எடுக்கிறோம், தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். ரேடியோ ஊரில் தங்குவதே இல்லை. எங்கள் கூட்டம் ஒன்றில் நான் குப்பத்தில் வகுப்பு எடுக்கலாமே என்றபோது ஒரு மூத்தவர், "அவங்களுக்கு ஆபரேட்டிங் டிசிப்ளின் வராது" என்றார். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே வரக் கூடாது, முறை பார்த்துப் பேச வேண்டும், அது இவர்களுக்கு வராதாம்.

இதைப் பழவேற்காட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்கிறார்! இங்கே பாடு என்று ஒன்று உண்டு. ஏரியில் இறால் கிடைக்கிற இடங்களை ஊர்களும் ஆட்களும் முறைபோட்டுப் பங்கிட்டுக்கொள்கிற ஏற்பாடு. இன்றைக்கு இந்த இடம் யாருக்கு, நாளைக்கு யாருக்கு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். தலைமுறைகளாக நடக்கிறது, ஆய்வாளர்கள் வந்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஒரு அலைவரிசையும் இதுதான்: ஒரே தண்ணீர், பலர், முறை. எங்கள் கூட்டத்தில் தேநீர் வரிசையிலேயே முறை இருக்காது. பாட்டைப் புனிதமாக்கவும் மாட்டேன். அதற்குள் சாதி இருக்கிறது, வெளியே நிறுத்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள், ரேடியோவிலும் அந்தப் பிரிவு வந்து உட்காரக் கூடாது என்று முதல் நாளே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் பகிர்ந்துகொள்ளத் தெரியாதவர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு உதாரணமும் நம் கரையிலேயே இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராமத் தகவல் மையங்களை ஆரம்பத்தில் இணைத்தது விஎச்எஃப் ரேடியோதான். ஊர் ஆட்களே நடத்தினார்கள். அவற்றில் ஒன்று நல்லவாடு. சுனாமி அன்று காலையில் சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். சேதி மையத்துக்குப் போனது, அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊரே எச்சரிக்கப்பட்டது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். கருவி அதே ஒலிபெருக்கிதான், நான் மேலே திட்டிய அதே ஒலிபெருக்கி. வித்தியாசம், மைக் ஊர்க்காரர் கையில் இருந்தது. எந்த அலுவலகத்தின் கையெழுத்துக்கும் அவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பாம்பனில் 2016 முதல் கடல் ஓசை என்று மீனவர்களுக்கான சமுதாய வானொலி நடக்கிறது. அங்கேயும் மைக்கின் பின்னால் இருப்பது அந்தக் கரையின் குரல்.

நான் கேட்பது இதைவிடச் சின்னது. ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் பத்துப் பேர் லைசென்ஸ் வாங்க வேண்டும். பெண்கள் பாதியாவது இருக்க வேண்டும், ஆண்கள் படகில் போன நேரத்தில் கரையில் இருப்பது அவர்கள்தான். புயல் பாதுகாப்பு மையத்தின் மாடியில், முறையான அனுமதியோடு, நாற்பதாயிரம் ரூபாய் அளவில் ஒரு பெட்டியும் ஆன்டெனாவும். நல்ல நாட்களில் சாயங்காலம் அரை மணி நேரம் பேசிப் பழக வேண்டும், பழகாத கருவி புயலில் வேலைக்கு ஆகாது. பாடம் தமிழில். ஹாம் சங்கங்கள் மாதம் ஒரு ஞாயிறு வந்தால் போதும், அந்த பஸ் எப்படியும் வருகிறது.

இலக்கியப் பத்திரிகையில் இதை ஏன் எழுதுகிறாய் என்று கேட்டால், குரலற்றவர்களின் குரல் என்ற வாக்கியத்தை நான் அதிகமாகப் படித்தது இங்கேதான் என்பதால். லைட்ஹவுஸ் குப்பத்தில் உட்கார்ந்து பாருங்கள், அவர்களுக்குக் குரல் எவ்வளவு பெரிதென்று தெரியும். காற்றுக்கு எதிரே இருநூறு அடி தள்ளி நிற்கும் படகைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. அவர்களுக்காகப் பேச ஆள் வேண்டாம், 434இல் ஒரு இடம் வேண்டும்.

ஆன்டெனாவை இன்னும் கழற்றவில்லை. உறவினர் அதில் துணி காயப்போட ஆரம்பித்திருக்கிறார். பேட்டரி லாரிக்கே திரும்பிப் போய்விட்டது. படகு அண்ணனின் மகள் பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறாள். நான் தமிழில் எழுதிக் கொடுத்த மின்சாரப் பாடம் முப்பது பக்கத்தையும் வாங்கிக்கொண்டு போனவள் போன வாரம் போன் செய்தாள். ஓமின் விதி புரிந்ததாம், ஆன்டெனா பாடத்தில் மட்டும் தப்பு இருக்கிறதாம், அலைநீளத்தை வகுக்கிற இடத்தில் ஒரு சைபர் விட்டிருக்கிறேன். பார்த்தேன், விட்டிருக்கிறேன்.